நிறுத்திய உலைக்கு யார் காவல்?

திண்டிவனம்
ஆவணி, 1966

அன்பு மகனுக்கு,

அணு உலையைச் சோதிக்கிற சர்க்கார் ஆபீசர் வேலை பம்பாயில் கிடைத்திருக்கிறது, சேரட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த உலைக்கு வயதாகிப் போனால் என்ன செய்வீர்கள்? நிறுத்தினாலும் பல வருஷம் அதன் விஷம் போகாது என்கிறாயே, விறகு அணைந்த பிறகும் சுடுகிற அடுப்பு எப்படியப்பா இருக்கும்? அதுவரை யார் காவல்?

நம்மூர் அரிசி மில் பாய்லரை ஒரு ஆபீசர் தட்டிப் பார்த்து, ஆகாது என்று நிறுத்தினார். முதலாளி வீட்டு விருந்துக்குக்கூட உட்காரவில்லை. நல்ல மனிதர். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. முதலாளி அப்பாதுரை அதற்குத் தார் பூசிப் பக்கத்து ஊரான பிரம்மதேசத்து மில்லுக்கு விற்றான். அங்கே நெல் அவிக்கக் கிளம்பிய உன் அப்பாவிடம், "இது நம்மூர்ல நிறுத்தினதாச்சே, போவாதீங்க" என்றேன்.

"சர்க்காரு பாக்காமயா வுட்டிருப்பாங்க? பேஜாரு பண்ணிக்கினு இருக்காத" என்று சிரித்துக்கொண்டே போனார். அன்றைக்கே அது வெடித்தது.

அப்பாதுரையை நான் மன்னிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த நல்ல ஆபீசரையும் மன்னிக்கவில்லை. இதை இன்றுதான் சொல்கிறேன்.

வேலையில் சேர். ஆனால் நிறுத்து என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதே, திரும்பத் திரும்பப் போய்ப் பார். உனக்கும் வயதான பிறகு யார் போய்ப் பார்ப்பார்கள் என்று இப்போதே கேட்டு எழுது.

பேரப்பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா