பகலில் சாத்திய கதவு

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
தபசு காலம், மூன்றாம் வெள்ளி

பம்பாயில் இருக்கும் செசீலி அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை லூர்து எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க அம்மா தினமும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். நலம் எழுதியதும் முதலில் ஐரீனைப் பற்றி எழுது என்று அம்மா சொன்னாள், அதற்கு நான் கண்ணால் பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன். பக்கத்து வீட்டு ஐரீன் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலை விட்டு இறங்கியதும் நேராக எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள். நம் வீட்டைத் தாண்டும் வரை அந்தப் பக்கமே நடந்து, தாண்டிய பிறகு மறுபடி இந்தப் பக்கம் வந்து குழாய்க்குப் போகிறாள். நிறைகுடத்தோடு திரும்பும்போதும் அப்படித்தான். ஒன்பது வயதுப் பெண் நம் வாசலை மிதிக்காமல் இருக்க இடுப்புக் குடத்தோடு தெருவைக் குறுக்கே கடக்கிறாள். நேற்று அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் அன்று முழுக்க ஒருவரிடமும் பேசவில்லை. இன்று காலை உன் கடிதம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள், திறந்தது மூடவில்லை. அவள் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதினால் தபால்காரர் கையில் எடுக்கமாட்டார், ஆகையால் எழுதக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வந்திருந்தபோது ஐரீனின் அம்மா இருதயம்மாள் அக்காதான் வந்து கேட்டாள், அதை அம்மா மறுக்கவில்லை. உங்க பொண்ணு பம்பாய் இஸ்கோல்ல புள்ளைங்க மனச பாக்கற டாக்டராமே, எம் புள்ள ரெண்டு மாசமா வூட்லயும் பேசல இஸ்கோல்லயும் பேசல, கொஞ்சம் பாக்கச் சொல்லேன் என்றாள். நீயும் சரி என்றாய். ஆனால் நீ செய்த முதல் வேலை என்ன, பட்டப்பகலில் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாய். அம்மாவையும் என்னையும் வெளியே உட்காரச் சொன்னாய். பிள்ளை தனியாக இருந்தால்தான் பேசும் என்றாய். நீ பிறந்து வளர்ந்த தெரு இது, இங்கே பகலில் யார் கதவைச் சாத்துகிறார்கள். பிள்ளை பெறுகிறவள் வீட்டிலும் பிணம் குளிப்பாட்டுகிற வீட்டிலும்தான் சாத்துவார்கள். கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் பச்சையம்மா வந்தாள், யாருக்குனா வலி கண்டுகிச்சா என்று கேட்டாள். பெட்டிக்கடை மதார் சாகிப் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள் எழுந்து வந்தார்கள். போங்க போங்க ஒண்ணும் இல்ல என்று அம்மா கையை ஆட்ட ஆட்டக் கூட்டம்தான் சேர்ந்தது. நமக்கும் இருதயம்மாள் அக்கா வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு, அவர்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் நாம் தும்முகிறோம். அது உனக்குத் தெரியாதா என்று அம்மா கேட்கிறாள். அதற்கு மட்டுமாவது பதில் எழுதச் சொல்கிறாள்.

உள்ளே நீ கலர்க் கட்டைகளை அடுக்கி, பொம்மையைக் கொடுத்து, மெதுவாகத்தான் கேட்டாய். உன் குரல் வெளியே வரவில்லை. ஐரீன் குரல்தான் வந்தது. இரண்டு மாதம் அடைத்து வைத்திருந்த குரல், பாவம், எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று அதற்கே தெரியவில்லை. நைனா ஆர்பருக்குப் போகல, வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கோ, சித்தி கூட முகத்துவாரக்குப்பம் போனப்போ பார்த்தேன், படகுலேர்ந்து சவுக்குக் கட்டு எறக்கிகினு இருந்தாரு, நீ வாயத் தொறந்தேன்னா நம்ம வூடே பூடும்னு சொன்னாரு என்று அழுதுகொண்டே சொன்னாள். ஐரீனின் அப்பா கஸ்பார் மாமா தினமும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவதாக நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், இருதயம்மாள் அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் கையிலிருந்து பாத்திரம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. தெருவில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள். நீ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது உன் முகத்தில் சந்தோஷம் இருந்தது அக்கா. பேசிட்டா அம்மா என்று சொன்னாய். மறுநாள் ரயிலுக்குப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததைப் போன கடிதத்தில் பாதிதான் எழுதினேன், உன் மனது கஷ்டப்படக்கூடாது என்று அம்மா தடுத்தாள், இப்போது எல்லாவற்றையும் எழுது என்கிறாள். ஐரீனின் அக்காவுக்கு ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம் வைத்திருந்தார்கள் அல்லவா, திருவொற்றியூர் மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு விஷயம் போய்விட்டது. வேல போறது யாருக்கும் வர்றதுதான், பொஞ்சாதிக்கே பொய் சொன்ன ஆள் வூட்ல பொண்ணு எடுத்துகினு யாரு பேஜாரு படறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கஸ்பார் மாமா அன்று நம் வாசலில் வந்து நின்றார். அடிக்க வந்திருக்கிறார் என்று பயந்து நான் உள்ளே போய்விட்டேன். அவர் கோபப்படவே இல்லை. அம்மாவைப் பார்த்து, அக்கா, எம் பொண்ணு வாய மூடிகினு இருந்த வரைக்கும் எனக்கு ஒரு வூடு இருந்துச்சு, அவ்ளோதான் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது முகத்துவாரத்திலேயே யார் கொட்டகையிலோ தங்கியிருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட வருவதில்லை. அவர் சொன்னபடியே ஆகிவிட்டது, வாயைத் திறந்தாள் வீடு போய்விட்டது. அப்படி இருக்க அந்தப் பிள்ளை இனி யாரிடம் பேசும். ஒரு வார்த்தை இல்லை. அவளுடைய அக்காவும் அவளைத் திட்டுவதில்லை, பார்ப்பதும் இல்லை. பள்ளிக்கூடத்து மதர் போன வாரம் இருதயம்மாள் அக்காவைக் கூப்பிட்டு, ஈஸ்டருக்குள் கேட்ட கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் பேரை எடுத்துவிடுவோம், வாயில்லாத பிள்ளைகளுக்கு வேறு இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் உன் கடிதம் வந்தது. உன் வேலையைப் பற்றி நீ எழுதியிருந்ததையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடிக்கிற பிள்ளை, திருடுகிற பிள்ளை, வகுப்பிலேயே ஒன்றுக்குப் போய்விடுகிற பிள்ளை எல்லாம் உன் அறைக்கு வருகின்றன என்றும், ஒழுகுகிற பாத்திரத்தை ஈயம் பூசக் கொடுப்பதுபோல வாத்தியார்கள் கொண்டுவந்து விட்டுவிட்டு மணி அடிப்பதற்குள் சரியாக வேண்டும் என்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்ட ஒரு பையனுக்காக நீயும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்ததைப் படித்தபோது அம்மாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. மேசைக்கு அடியில குந்திகினு கீறதுக்கா இவ பம்பாய் வரைக்கும் போனா, இங்க கட்டிலுக்கு அடியில எடமா இல்ல என்றாள். அதற்கு அடுத்த பக்கத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஐரீன் பேசியது நல்லதுதான், ஒட்டுக்கேட்டது பெரியவர்கள் குற்றம் என்று எழுதியிருந்தாய். உங்கள் புரொபசர்கள் கூட்டத்தில் ஐரீனைப் பற்றிக் கட்டுரை படித்தாயாம், பேரை மாற்றிவிட்டாயாம், எல்லோரும் பாராட்டினார்களாம். அம்மா என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். பேர மாத்திட்டாளா, இங்க வந்து மாத்தச் சொல்லு, இந்தத் தெருவுல அந்தப் பொண்ணு பேர அவளால மாத்த முடியுமா என்றாள். போதாததற்கு ஐரீனை வீட்டுக்குக் கூட்டி வந்து, நீ எழுதியிருக்கும் கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி அனுப்பும்படி என்னிடம் சொல்லியிருக்கிறாய். கதவைச் சாத்திக்கொள் என்றும் எழுதியிருக்கிறாய் அக்கா. அதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

அடுத்ததை எழுதாதே என்று அம்மா சொல்கிறாள், ஆனாலும் எழுதுகிறேன், கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியாது. நான் ஆறாவது படிக்கும்போது என்னை ஏன் நிறுத்தினார்கள் என்று உனக்கு நினைவு இருக்கிறதா. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன், பதில் தொண்டை வரை வரும், நிற்கும். இதே மதர்தான் அம்மாவைக் கூப்பிட்டு, இவளை மீன் கூடையோடு அனுப்பு, கூவி விற்றாலாவது வாய் வரும் என்றார்கள். நீ அப்போது டிரெயினிங் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது அம்மா உன்னிடம் யோசனை கேட்டாள். அவ சுபாவம் அப்படி, வுட்டுடும்மா என்று சொல்லிவிட்டு நீ உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டாய். ஊரார் பிள்ளைக்காக மேசைக்கு அடியில் போகிறாய். எனக்காக ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உனக்குப் படிக்க இஷ்டமா என்று நீ கேட்டதில்லை. இஷ்டமாகத்தான் இருந்தது.

இனி அம்மா சொல்வது. நீ ஈஸ்டருக்கு வரவேண்டும். லீவு இல்லை என்று எழுதாதே, எழுதினால் படிக்கமாட்டாள். வரும்போது கட்டைப் பெட்டியைக் கொண்டுவராதே, வெறுங்கையோடு வந்து இருதயம்மாள் அக்கா வீட்டில் தரையில் உட்கார்ந்து அவள் திட்டுவதைக் கேள், அவள் திட்டி முடிக்கும் வரை வாயைத் திறக்காதே. பிறகு மதரிடம் போய் ஐரீன் பேரை எடுக்காதபடி பேசு, உன் இங்கிலீஷ் அதற்காவது உதவட்டும். நைனாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார், உன்மேல் கோபம் இல்லை என்கிறார், அது பொய். நெத்திலிக் கருவாடு காய வைத்திருக்கிறோம், வந்தால் உண்டு, வராவிட்டால் அனுப்பமாட்டோம். தலைக்கு எண்ணெய் வை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம் இருக்கிறேன் என்று முழுப்பட்டினி கிடக்காதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் உன் நெற்றியில் அம்மா இங்கிருந்தே சிலுவை போடுகிறாள், கர்த்தர் உன்னைக் காப்பாற்றட்டும், உனக்குப் புத்தியும் கொடுக்கட்டும். ஈஸ்டர் என்பதை மறக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா மதலேனம்மாள் (கைக்குறி)
எழுதியவள் லூர்து

அக்கா, இது தபால் ஆபீஸ் பேனா, மை ஊறுகிறது. கடிதத்தைப் போட வரும்போது ஐரீன் குடத்தோடு எதிர்ச்சாரியில் போய்க்கொண்டிருந்தாள். நானும் அந்தச் சாரிக்குப் போய் அவளோடு குழாய் வரைக்கும் நடந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்து தபால் ஆபீஸுக்கு வராமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மதர் அறையில் இருந்தார்கள், வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், டீச்சர்களும் நின்றிருந்தார்கள். யார் நீ என்று மதர் கேட்டார்கள். லூர்து, ஆறாவதில் நிறுத்திய லூர்து, ஐரீன் விஷயமாக வந்தேன் என்றேன். அப்படியானால் கதவைச் சாத்திவிட்டு வந்து சொல் என்றார்கள். நான் சாத்தவில்லை. அங்கேயே நின்று, ஐரீன் பேரை எடுக்காதீர்கள் என்பதிலிருந்து எனக்குப் படிக்க இஷ்டமாக இருந்தது வரை, எல்லாவற்றையும் சொன்னேன்.