இடது காலில் தடவிய எண்ணெய்

உங்களை வணங்கி எழுதுகிறேன். சாமி புண்ணியத்தில் நானும் நம் மகளும் நலம். உங்கள் இருமல் விட்டதா?

நேற்றுக் காலை அவளுக்கு முதுகு ஆபரேஷன் முடிந்தது. முதுகெலும்பை நிமிர்த்தும்போது நரம்பில் பட்டுவிடாமல் இருக்க, காலெல்லாம் ஒயர் ஒட்டி, எந்த நரம்பு எந்தத் தசையை அசைக்கிறது என்று மிஷினில் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். பாதியில் மிஷின் பார்க்கும் அம்மா வெளியே வந்து, "இடது கால் மிஷின்ல வரவே இல்ல. ஏதாவது தடவினீங்களா?" என்றார். நர்ஸுக்குத் தெரியாமல் சாமி விளக்கு எண்ணெயைத் தடவியிருந்தேன். சொல்லிவிட்டேன்.

"நரம்பு போச்சோன்னு டாக்டர் பாதியில நிறுத்திட்டாரும்மா" என்று உள்ளே ஓடினார். எண்ணெயைத் துடைத்து ஒயரை மறுபடி ஒட்டியதும் மிஷினில் வந்துவிட்டதாம்.

இன்று வலது கால் விரல்களை ஆட்டுகிறாள். இடது காலில் கட்டைவிரல் மட்டும் அசையவில்லை. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்கிறார்கள். மணிக்கொருதரம் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். இதுவரை ஒன்பது "இல்லை". "நீ இப்படி முறைச்சா விரலுக்கே வெட்கமா இருக்கும்மா" என்கிறாள்.

எண்ணெய் விஷயம் உங்கள் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். என் தம்பி இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கிறான். ஒரு கோடு போட்ட நோட்டு வேண்டும். அதை நீங்களே கொண்டு வாருங்கள். என் பேச்சுக்கு உங்கள் மகள் என்றைக்கு அசைந்தாள்? நீங்கள் வந்து அந்த விரலை ஒரு அதட்டு அதட்டுங்கள்.