டிசம்பரில் ஏறும் என்று சொன்னவர்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். குளியலறைக் குழாய் ஒழுகுகிறதென்று நான் சரிசெய்யப் போய் இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அம்மா என்னோடு பேசுவதில்லை. உன் அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மழை விட்டதால் நம் குடைக்கடையும் ஓய்ந்து கிடக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், மனதில் கிடப்பது வேறு, அதைச் சொல்லப் போனால் வாய் வரவில்லை.

பங்குச் சந்தை எந்த மாதம் ஏறியது, எந்த மாதம் இறங்கியது என்று பழைய கணக்கையெல்லாம் உங்கள் ஆபீசில் ஆராய்வதாகவும், டிசம்பரில் பெரும்பாலும் ஏறியிருப்பதாகவும் ஒருநாள் சொன்னாய் அல்லவா. அது சராசரிதாம்ப்பா, இறங்குன வருஷமும் நிறைய இருக்கு, இந்த வருஷம் என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாய். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நான் குடை விற்றே வளர்ந்தவன், மழைக்காலம் வந்தால் குடை விற்கும், பங்குக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். பெருமையில் தலைகால் புரியாமல் நம் சலூன்காரரிடம் போய், கழுத்தில் துணியைக் கட்டியபடியே, டிசம்பர்ல கண்ண மூடிட்டுப் போடலாம், என் பொண்ணே சொல்லிட்டா என்று அளந்துவிட்டேன். அவர் சந்துக்குள் இருக்கும் கடையை விட்டு மெயின் ரோட்டு முனைக்கு மாற ஓர் அறை பேசி வைத்திருந்தார், வருஷம் முடிவதற்குள் முன்பணம் தர வேண்டும். அந்தப் பணத்தைப் பங்கில் போட்டார், கொஞ்சம் கூடினால் புது நாற்காலியும் வாங்கலாமே என்று. இந்த டிசம்பரில் சந்தை சரிந்தது உனக்குத் தெரியும். கெடு வந்ததும் கிடைத்த விலைக்கு விற்றார், முன்பணத்துக்குப் போதவில்லை. விஷயம் எனக்குத் தெரிந்து, குறைவதை நான் தருகிறேன் என்று ஓடுவதற்குள் அந்த அறையில் செல்போன் ரிப்பேர் கடை வந்துவிட்டது. பால் வாங்கக்கூட அவர் கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

முடி காதை மூடிய பிறகுதான் போன வாரம் அவர் கடைக்குப் போனேன். உன் பேர் கெடக்கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அவ அப்படிச் சொல்லவே இல்ல, அவ சொன்னதுல பாதியத்தான் நான் சொன்னேன், புள்ளையத் தப்பா நினைக்காதீங்க என்றேன். அவர் சீப்பைக் கழுவிக்கொண்டே, உங்க பொண்ண எனக்கு என்ன தெரியும், அத நான் பார்த்தே எத்தனையோ வருஷமாச்சு, நீங்க சொன்னீங்கன்னுதான் போட்டேன் என்றார். திட்டியிருந்தால் தேவலை. எப்போதும் போல ஒழுங்காக வெட்டி அனுப்பினார். வெட்கத்தில் என்னால் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை.

நீ அவருக்குப் போன் செய்து சமாதானம் சொல்லாதே, அது என் பாடு. நேரத்துக்குச் சாப்பிடு, கூன் போட்டு உட்காராதே, அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பேசு. உன் பேச்சை நம்பிய யாரும் உன்னால் கெடாதபடி நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு அப்பா