தலையணைக்கு அடியில் ஓடிய ஆக்சிஜன்

அன்பு மகளுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அடுத்த வரியில் அம்மாவும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை அப்படி எழுத முடியவில்லை, அதனால்தான் கடிதம். போனில் சொல்ல வழியில்லை, நம் வீட்டின் அளவு உனக்குத் தெரியும், முன்னறையில் தும்மினால் சமையலறையிலிருந்து பதில் வரும். என் போனுக்கு வரும் செய்திகளையும் எனக்கு முன்னால் உன் அம்மாதான் படிக்கிறாள். ஆகவே இதை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பம்பு நிலையத்தின் மாடி அறை, கீழே மோட்டார்கள் ஓடி மேஜை அதிர்ந்துகொண்டே இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இங்கே யாரும் என்னை எட்டிப் பார்ப்பதில்லை. நான் வேலை கற்றுக்கொடுத்த ஆள் இப்போது எனக்கு மேலதிகாரி, நாம் வீட்டில் ஜால்ரா என்று பெயர் வைத்திருந்தோமே அவனேதான், என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டான். அவனால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை இந்தத் தனிமை.

போன வாரம் அம்மா பெரிய மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கே சிக்னல் கிடைக்காது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். அவள் மருத்துவமனையில் இருந்தாள், அப்படிச் சொல்லச் சொன்னதும் அவள்தான். பதறாதே, வீட்டுக்கு வந்துவிட்டாள், நடக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். ஆனால் நிலைமை நல்லதில்லை, நல்லதில்லை என்பதை உனக்கு யாரும் சொல்லவில்லை, நீ கேட்டதெல்லாம் அவள் சொன்ன கதை. நுரையீரல் கெட்டுப்போனது உனக்குத் தெரியும். எதனால் கெட்டது என்பதைத்தான் இந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். உன் பெரிய மாமாவின் மெத்தைப் பட்டறையில், பஞ்சு அடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் வருஷக்கணக்கில் கணக்கு எழுதினாள். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறக்கும் என்று அந்த மகான் ஜன்னலுக்கு ஆணி அடித்து வைத்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் இமை முடியெல்லாம் வெள்ளையாக இருக்கும், கிழவி மாதிரி வர்றேன் பாருங்க என்று சிரிப்பாள். இன்று அதே மாமா மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, இவளுக்குச் சின்ன வயசிலேருந்தே நெஞ்சு வீக்குதான் மாப்ளே என்று என்னிடமே சொல்கிறார். பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன், வார்டில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக்சிஜன் மெஷின் வந்த கதையும் உனக்குப் பாதிதான் தெரியும். கொஞ்ச நாளைக்குக் கொடுத்திருக்காங்க என்று அவள் உன்னிடம் சொன்னாள், டாக்டர் சொன்னது வேறு. ஒரு நாளில் குறைந்தது பதினைந்து மணி நேரம் குழாய் மூக்கில் இருக்க வேண்டும், தூங்கும்போது கட்டாயம், இனி எப்போதும். மெஷினைப் படுக்கையறையில் வைத்து, நீளமான குழாய் வாங்கி, சுவர் ஓரமாகக் கிளிப் அடித்து, கதவில் நசுங்காமல் சமையலறை அடுப்புக்குக் கொஞ்சம் முன்னால்வரை இழுத்துக் கொடுத்தேன், வாழ்நாள் முழுக்கக் குழாய் போட்ட ஆள், இதையாவது ஒழுங்காகப் போட விட்டார்கள். அதற்கு உன் அம்மா, உங்க பம்பு ஸ்டேஷன்ல குழாய் போதலைன்னு என்னையும் லைன்ல சேத்துட்டீங்களா என்றாள். காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்றதும் பஞ்சு வைக்கப் போனேன், ஆயுசுக்கும் பஞ்சுதானா என் தலையில என்று தட்டிவிட்டாள், பிறகு பழைய பனியனைக் கிழித்துச் சுற்றினேன். மூக்கு காய்ந்தால் எண்ணெய் தடவக்கூடாது, தீப்பிடிக்கும், அதற்கென்று ஒரு ஜெல் இருக்கிறது, அதையும் வாங்கினேன். இவ்வளவும் செய்தவனுக்கு அவளிடம் இருக்கும் மரியாதையைவிட உன் மாமா சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்ன ஒரு வார்த்தைக்கு மரியாதை அதிகம். அந்தக் காத்துக்கு ஒருதடவை பழகிட்டா நுரையீரல் சோம்பேறி ஆயிடும்மா, அப்புறம் விடவே முடியாது, நீயா மூச்சு விட்டுப் பழகு என்றார். சொல்லிவிட்டு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் சிகரெட்டையும் பற்றவைத்தார். நான் அதை அவர் வாயிலிருந்து பிடுங்கி அவருடைய டீயிலேயே போட்டேன். அவள் எழுந்து போய் அவருக்கு வேறு டீ போட்டுக்கொண்டு வந்தாள், என்னோடு பேச்சை நிறுத்தினாள். குழாயை மட்டும் மாட்டிக்கொள்கிறாள் என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொள்கிறாள் என்று நான் நம்பியதற்குக் காரணம் ஒரு மீட்டர். மெஷினின் பக்கவாட்டில், அது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் சின்ன மீட்டர் இருக்கிறது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் அதைப் பார்ப்பேன், கணக்கு சரியாக இருக்கும், சில நாள் கூடவே இருக்கும். மாதம் ஒருமுறை வரும் சிஸ்டரும் அதைப் பார்த்துவிட்டு, அம்மா ரொம்பச் சமத்து என்று பாராட்டிவிட்டுப் போவாள். ஆனால் கணுக்கால் வீங்கிக்கொண்டே வந்தது, காலையில் தலைவலி என்றாள், உதடு நீலம் பாய்ந்தது. மீட்டர் சரியாக ஓடும்போது உடம்பு ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை, மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். காற்றின் அளவைக் கூட்டி வைக்கலாமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன், பம்பு ஆளுக்கு அதுதானே தோன்றும், கையே வைக்காதீங்க, கூடினாலும் ஆபத்து, அவங்களைக் கூட்டிட்டு வாங்க என்று டாக்டர் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு வீடியோவில் பேசிவிட்டுப் போகலாம் என்று உன் அம்மா தள்ளிப்போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட் இருந்தது, மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டேன் என்று பாதியில் வீட்டுக்குத் திரும்பினேன். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம், சரி படுத்திருக்கிறாள் என்று மெதுவாகத் திறந்தால் கட்டிலில் ஆள் இல்லை. தலையணைக்கு அடியில் குழாய். அது தலையணைக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உன் அம்மா முன்னறையில் முகம் கழுவிப் பவுடர் போட்டு, உதட்டு நீலம் தெரியாமல் கொஞ்சம் சாயம் பூசி, கன்னத்தில் குழாய் பதிந்த தடத்தைத் தேய்த்துவிட்டு, போனை எதிரில் சாய்த்து வைத்து உன்னோடு பேசிக்கொண்டிருந்தாள். மீட்டர் ஓட வேண்டும், நான் ஏமாற வேண்டும், அதற்காக மெஷினை அணைக்காமல் விட்டிருக்கிறாள். ஒரு எஞ்சினியரை எப்படி ஏமாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா, முகமே தெளிஞ்சு போச்சு, இனிமே அந்த மெஷின்லாம் தேவைப்படாது போல என்றாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உனக்குக் காட்டியதைப் பார்த்து நீ சொன்னாய். ஆனால் அந்த ஒரு வரி இந்த வீட்டில் சட்டமாகிவிட்டது. அதன் பிறகு நான் குழாயை எடுத்துக்கொண்டு போனால், எம்பொண்ணே தேவையில்லைன்னுட்டா, அவளைவிட நீங்க படிச்சவரா என்றாள். ஒளித்து வைப்பது போய் நேராகவே கழற்றிப் போட்டாள், டாக்டரிடம் போவதும் நின்றது.

சில நாள்தான். ஒரு காலையில் எழுப்பினால் கண்ணை முழுசாகத் திறக்கவில்லை, என்னைப் பார்த்து, அண்ணா, பஞ்சு இன்னும் எடை போடலை, கொஞ்சம் பொறுங்க என்றாள். அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனை விட்டு அந்த ஆளைத்தான் கூப்பிட்டாள், அதையும் கேட்டுக்கொண்டுதான் அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். மருத்துவமனையில் டாக்டர், உன் வயதுதான் இருக்கும், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அம்மா, இதைச் சேத்து வைக்க முடியாது, காலையில போட்டுக்கிட்டது சாயங்காலத்துக்கு உதவாது, மூக்குல இருக்கிறவரைக்கும்தான் வேலை செய்யும், மூச்சு வாங்கலையேன்னு நீங்க கழட்டிடுறீங்க, உங்களுக்குத் தெரியாமலே இதயம் இழுத்துக்கிட்டுக் கிடக்குது, இன்னொரு தடவை இப்படி வந்தா உங்களை உயிரோட வீட்டுக்கு அனுப்புவேன்னு சொல்ல முடியாது. சோம்பேறி ஆகும் என்று மாமா சொன்னதையும் கேட்டேன், அவள் சிரிக்கக்கூட இல்லை, யார் சொன்னது என்று மட்டும் கேட்டாள். தலையணை விஷயத்தைக் கேட்டதும் அந்தச் சமத்து சிஸ்டர் பதறிப்போனாள், துணியில ஆக்சிஜன் ஏறியிருக்கும் சார், ஒரு பொறி போதும், வீடே போயிருக்கும் என்றாள்.

ஏன் இப்படிச் செய்தாள் என்பதை வார்டில்தான் சொன்னாள், அதுவும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு. முதன்முதலில் அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஏதாவதுன்னா வேலையை விட்டுட்டு அடுத்த விமானத்துல வந்துடுவேன்மா என்று நீ சொன்னாய். நீ பாசத்தில் சொன்னது, அவளுக்கு அது பயமாகப் போய்விட்டது. மூக்கில் குழாயோடு ஒருதடவை அவளைப் பார்த்தால் நீ பெட்டியைக் கட்டிவிடுவாய் என்று நினைக்கிறாள். சுரங்கப்பாதை தோண்டுற எடத்துல நூறு ஆம்பளைங்களை வேலை வாங்குறா, அதை விட்டுட்டு வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சணுமா, இந்தக் குழாயை அவ பாக்கவே கூடாது என்றாள். அதில் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து உட்காருகிறவன் கதி எனக்குத் தெரியும். உன் தாத்தா படுக்கையில் விழுந்தபோது கைக்கு வந்த வெளிநாட்டு வேலையை வேண்டாம் என்று நான் நின்றேன், உன் சித்தப்பா போனான். நான் துடைத்துவிட்டு, தூக்கிவிட்டுக் கொண்டிருந்தபோது தாத்தா கடைசிவரை என்னிடம் கேட்டதெல்லாம் சின்னவன் எப்போது வருவான் என்றுதான். அந்தச் சின்னவன் போன வாரம் உன் அம்மாவுக்காக என் போனுக்குக் கும்பிடுகிற கை படம் ஒன்று அனுப்பினான். அதோடு அவன் கடமை முடிந்தது.

இப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்றால், எனக்காகக் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்கிறாள், நான் தெருமுனை திரும்பியதும் கழற்றுகிறாள் என்று கீழ்வீட்டுத் தையல்காரி சொல்கிறாள். கெஞ்சினேன், கத்தினேன், நானும் சாப்பிடமாட்டேன் என்று ஒரு நாள் உட்கார்ந்தேன், தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் வார்த்தை அவளிடம் எடுபடாது, எப்போதும் எடுபட்டதில்லை. உன் வார்த்தை எடுபடும். அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். போனை எடுத்ததும், மூக்கில் குழாய் எங்கே அம்மா என்று கேள். உன்னோடு வேலை பார்க்கிற யாரோ ஒருவரின் தாயார் இதே குழாயோடு பல வருஷமாக நடமாடுகிறார், அவர் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரிந்தது என்று சொல். பொய்தான், இந்த வீட்டில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டோம், உன் பங்குக்கு நீயும் ஒன்று சொல். நான் எழுதினேன் என்று தெரிந்தால் என் மேல் இருக்கும் கோபத்துக்கே கழற்றி எறிவாள்.

இரண்டாவது காரியம் கஷ்டமானது. வரமாட்டேன் என்று சொல். அம்மா, உனக்கு என்ன ஆனாலும் இந்தச் சுரங்கம் முடியும்வரை நான் அங்கே வரப்போவதில்லை, அதனால் எதையும் மறைக்காமல் குழாயை மாட்டிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார் என்று சொல். வளைத்துச் சொல்லாதே, பார்க்கலாம் என்று இழுக்காதே, இழுத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவள் முகம் வாடும், பார்த்துக்கொண்டே இரு, அந்த இடத்தில் மனசு கேட்காமல் வார்த்தையைத் திரும்ப வாங்கிவிடாதே. பயம் போனால்தான் குழாய் ஏறும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே வர வேண்டிய நேரம் ஒன்று வரும், அதை நான் உன்னிடம் மறைக்கமாட்டேன், நான் கூப்பிடும்போது வா. அதுவரை அவள் காதில் நீ வராத மகளாகவே இரு. ஊரில் நாலு பேர் உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள், முதலில் சொல்பவர் உன் மாமாவாகத்தான் இருப்பார், சொல்லட்டும். நீ வர வேண்டும் என்று எனக்கு இருக்கிறதா என்று கேட்காதே, அதை எழுத நான் இந்தக் காகிதத்தை எடுக்கவில்லை.

சுரங்கத்துக்குள் தூசு அதிகம் இருக்கும், முகமூடியை வியர்க்கிறது என்று கழற்றிக் கழுத்தில் தொங்கவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நல்ல உடம்போடும் நிமிர்ந்த தலையோடும் இரு, உன்னை யாரும் முந்தாமல் இருக்கட்டும், முந்தினாலும் என்னைப்போல அதையே நினைத்துக்கொண்டு கிடக்காமல் இருக்கும் மனசு உனக்கு அமையட்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. கடிதம் கிடைத்தது என்று எனக்கு எந்தச் செய்தியும் அனுப்பாதே. குழாயோடு அவள் உன் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆசிகளுடன்,
அப்பா