காதர், நீ கேட்டதைக் கோர்ட்டில் சொன்னேன்

என் செல்லத் தம்பி காதருக்கு,

உன் அக்கா, உன் லாத்தா எழுதுகிறேன். நீ இருந்தவரைக்கும் கொழும்புக்கு நான் போட்ட கடிதமெல்லாம் ஏச்சுதான். நலமா என்று ஒரு வரி, ஏன் பதில் போடவில்லை என்று ஒன்பது வரி. இன்றைக்கு ஏச்சு வாங்க வேண்டியவள் நான். அதற்கும் நீ இல்லையே.

கேஸ் முடிந்துவிட்டது தம்பி. போன வாரம் திருச்சி செஷன்ஸ் கோர்ட்டில் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த டின்னைக் கொண்டுவந்து கொடுத்தானே, அந்தப் பாவிக்கு ஆயுள் தண்டனை. விமானத்தில் வந்த ஒருவரோடு அவனுக்குத் தொழில் பகையாம். அந்த ஒருவருக்காக டின்னுக்குள் குண்டை வைத்து அத்தனை பேரையும் நடுக்கடலில் சிதறடித்திருக்கிறான். நாசமாய்ப் போக! ஆனால் உன் பெயர் மட்டும் இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறது.

நீ கொழும்புக் கடைக்குப் புறப்படுகிறாய் என்றால் கோட்டைப்பட்டினத்தில் பாதிப்பேர் நம் வீட்டு வாசலில்தான் இருப்பார்கள். மகனுக்கு ஊறுகாய், மருமகனுக்குக் கருவாடு, பேரப்பிள்ளைக்குச் சட்டை. எல்லாம் வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, மேலே மையால் பெயர் எழுதி. நம்பிக் கொடுத்த பொருள், அமானிதம். தையல் பிரியாமல் கொண்டுசேர்ப்பதில் உன்னைவிட எனக்குத்தான் பெருமை அதிகம்.

நீ கடைசியாகப் புறப்பட்ட அன்றைக்கு விடிந்ததும் அவன் வாடகைக் காரில் வந்து இறங்கினான். துணி சுற்றித் தைத்த ஒரு டின்னை நீட்டி, கொழும்பில் இருக்கிற தங்கச்சி பிள்ளைக்கு முறுக்கு என்றான். அவன் போன பிறகு நீ டின்னைத் தூக்கிப் பார்த்தாய்.

"முறுக்கு இம்புட்டு கனக்குமா லாத்தா? பிரிச்சுப் பாத்துட்டு ஒட்டத் தச்சுரலாமா?"

"அடுத்தவங்க அமானிதத்தப் பிரிக்கிறதா? வெக்கமா இல்ல ஒனக்கு? ஊருக்குத் தெரிஞ்சா காறித் துப்பும்டா!"

நீ சிரித்துக்கொண்டே டின்னைப் பெட்டிக்குள் வைத்தாய். என் வாய்க்கு நீ எப்போதுமே பயந்தவன்தானே.

விமானம் கடலில் விழுந்து ஒரு வாரம் கழித்து அறந்தாங்கி பயணியர் பங்களாவில் விசாரணை ஆபீஸர்கள் வந்து உட்கார்ந்தார்கள். விமானத்துத் தகரம் வலையில் வந்ததென்று கடற்கரையில் ஒருவர் கோழிக்கூட்டுக்குப் போட்டிருந்தார். அதைக்கூடக் கழற்றி நம்பர் போட்டு எடுத்துப்போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். முதல் நாளே என் வீட்டுக்காரர், உன் மச்சான், சொல்லிவிட்டார்: "நீதான் தடுத்தேன்னு சொன்னா, செத்தவங்க வீட்டு ஆளுகளெல்லாம் நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. ஒண்ணும் தெரியாதுன்னு வந்துரு." அவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்க நான் வரவில்லை. பயந்தவள் நான். துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய், "அவன் ஒண்ணும் கேக்கல, வாங்கி வச்சுக்கிட்டான்" என்று சொல்லிக் கைநாட்டு இல்லாமல் அழகாகக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.

நீ தீர யோசிக்காமல் வாங்கிப்போனாய் என்று விசாரணை அறிக்கையில் எழுதினார்கள். அதைக்கூட முழுங்கிக்கொண்டேன். கோர்ட்டில் நடந்ததைத்தான் முழுங்க முடியவில்லை. அவன் வக்கீல் எழுந்து, டின்னில் இருப்பது என்னவென்று காதருக்குத் தெரியும், கொழும்பில் யாருக்கோ கொடுக்கத் தெரிந்தேதான் எடுத்துப்போனார் என்றார். என் தம்பியையா! அங்கேயே ஓடிப்போய் அந்தக் கறுப்புக் கோட்டைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

நானே போய் சர்க்கார் வக்கீலிடம் நடந்ததைச் சொன்னேன். கூண்டில் ஏற்றினார்கள். பிரித்துப் பார்க்கலாமா என்று நீ கேட்டதையும், நான் ஏசித் தடுத்ததையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். தெரிந்தவன் பிரிக்கலாமா என்று கேட்பானா? நீங்களே சொல்லுங்கள் என்று ஜட்ஜைப் பார்த்தே கேட்டேன்.

அந்த வக்கீல் சத்தமே போடவில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

அன்றைக்குச் சொன்னதுதான் பொய் என்றேன். யார் நம்புவார்கள்? செத்த தம்பிக்காக அக்கா மாற்றிப் பேசுகிறாள், இவள் சாட்சியத்தை ஏற்பதற்கில்லை என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். உனக்குத் தெரியுமா தெரியாதா என்பது தெளிவாகவில்லையாம். முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் தெளிவாகியிருக்கும். என்னை என்ன செய்வது தம்பி?

நேற்று திருவரங்குளம் போயிருந்தேன். அழகம்மையின் வீட்டுக்காரர் உன்னோடு அதே விமானத்தில் போனவர். வாய்தா தவறாமல் கோர்ட்டுக்கு வருவாள், ஒருநாளும் என் பக்கம் திரும்ப மாட்டாள். உன் மச்சான் கோயில் பக்கம் பஸ் நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டார். நான் மட்டும் போனேன். கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள், அவ்வளவுதான்.

"பிரிச்சுப் பாக்கவான்னு கேட்டாருன்னு கோர்ட்டுல சொன்னீங்களே, நெசந்தானா?"

"அல்லா மேல ஆணையா நெசம்."

"எத்தன தடவ கேட்டாரு?"

கோர்ட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஒரு தடவை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லி நான் பட்டது போதாதா?

"ரெண்டு தடவம்மா. திருச்சி பஸ்ல ஏறி ஒக்காந்த பெறகு, ஜன்னல் வழியா இன்னொரு தடவ கேட்டான். மனசுக்குச் சரியா படல லாத்தா, பிரிச்சுப் பாத்துரவான்னான். பேசாமப் போடான்னு சொல்லிட்டேன்."

அவள் கை நின்றுவிட்டது. "அப்ப அவருக்கு ஒண்ணும் தெரியாது. இத்தன நாளா ஒங்க தம்பியத்தான் விடிஞ்சா அடஞ்சா சபிச்சுக்கிட்டிருந்தேன். இனிமே அவரச் சபிக்க மாட்டேன்."

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது இலுப்பூரில் ஒரு வீடு இருக்கிறது தம்பி. அதற்கப்புறம் திருச்சிப் பக்கம். விமானத்தில் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவேன். உள்ளே விட்டாலும் சரி, வாசலோடு விரட்டினாலும் சரி, நீ கேட்டது இரண்டு தடவை என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். அவர்கள் சபிப்பதானால் என்னைச் சபிக்கட்டும்.

இரண்டு தடவையும் உன்னை ஏசி வாயடைத்த,
உன் கூடப்பிறந்த லாத்தா