ஈ மொய்க்காத கருவாடு

திங்கள்

காலையிலிருந்தே மந்தாரம். கற்பிட்டிக் கரை முழுக்கக் கருவாட்டுப் பாயை விரிப்பதும் சுருட்டுவதும். என் சுறாத் துண்டுகள் சோலர் பெட்டிக்குள் காய்கின்றன. தம்பி செய்து தந்தது. கண்ணாடி மூடி, வலைத் தட்டு, சின்ன விசிறி. மழை வராது, மண் வராது, ஈ வராது.

அந்த ஈதான் பிரச்சினை. இங்கே கருவாட்டை ஈயை வைத்துத்தான் பார்ப்பார்கள். மொய்த்தால் நல்லது. மொய்க்காவிட்டால் மருந்து அடித்தது. பக்கத்து வீட்டு சுபைதா ராத்தா ஒரு துண்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்துவிட்டுத் தட்டிலேயே திரும்ப வைத்தார். குழாயடியில் என்ன சொல்வாரோ என்றுதான் பயம்.

உப்பு வாங்க. விசிறி வயர் பார்க்க. மகனுக்குக் கணக்குக் கொப்பி.

செவ்வாய்

நினைத்தது சரி. குழாயடி முழுக்க சு. ராத்தாவின் கதை. "ஈக்கே புடிக்கல்ல. மனுசன் எப்படித் தின்ற?"

கொழும்புக்கு லொறியில் ஏற்றும் முதலாளி வந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஈயைத் தேடினார். மற்றவர்களுடையதை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமையும் முதலாளி எடுக்காவிட்டால் பெட்டியைக் கழற்றிவிடுவாராம் என் மாப்பிள்ளை, மகனின் வாப்பா. பழையபடி பாய், வெயில், குனிந்த முதுகு. எரிச்சல்.

புதன்

மழை கொட்டியது. ராத்தாவின் பாயெல்லாம் ஊறிப்போனது. பாவமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

உட்கார முடியவில்லை. நாலைந்து தரம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். நன்றாகக் காய்ந்திருக்கிறது. யாருக்குக் காட்ட?

ஒரு யோசனை. எழுதவே வெட்கம்.

வியாழன்

வெயில். லொறி வருமுன் பெட்டியிலிருந்து பாதியை எடுத்துப் பழைய பாயில் பரப்பினேன். பக்கத்தில் மீன் குடல். ஈ வந்தது, கூட்டமாக. முதலாளி கையால் விரட்டிவிட்டு, இதுதான் சாமான் என்றார். ஏற்றினார். இனிச் செவ்வாயும் வியாழனும் என்னிடமும் ஏற்றுவாராம். மாப்பிள்ளை பெட்டியைக் கழற்றவில்லை.

சிரிப்பு வரவில்லை. சுத்தமாகக் காயவைத்ததை அழுக்காக்கி விற்றிருக்கிறேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு சு. ராத்தா பின்வாசலால் வந்தார். மகளுக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது. பால் ஊறச் சுறாக் கருவாடு வேண்டும், தன்னுடையது மழையில் போய்விட்டது. பாயில் மிஞ்சிய துண்டுகளை எடுக்கக் குனிந்தேன். கையைப் பிடித்தார்.

"அது வேணாம் புள்ள, ஈ மொய்ச்சது. பெட்டிக்குள்ள இருக்கிறதுல தா."