சோடாக் கடையிலிருந்து வந்த படங்கள்

கோட்டைமேடு, கோயமுத்தூர்
8 மார்ச் 1937

அன்புள்ள ஆறுச்சாமிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சம்சாரம், தங்கச்சி சென்னியம்மாளும் உன் மகன் தம்பிதுரையும் சுகமாக இருக்க வேண்டுமென்று என் வீட்டில் பாத்திமுத்து துஆ செய்கிறாள். உன் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போன கடிதத்தில் உன் எழுத்து எறும்பாகிவிட்டது. பாதியை நானாக இட்டுக்கட்டிப் படித்துக்கொண்டேன்.

நடுக்குவாதம் என்றும், தீர்க்க மருந்தில்லை என்றும் டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். சரி. அதற்காக வாசலுக்கே வராமல் உள்ளறையில் அடைந்து கிடப்பது எந்த டாக்டர் சொன்ன பத்தியம்? பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கே கதை அளந்து தப்பித்தவன் நீ. இப்போது குரல் கம்மிவிட்டது, யாரோடும் பேசுவதில்லை என்கிறாய்.

டாக்கீஸ் கொட்டகைக்குள் சோடாக் கடை வைத்திருப்பதால் எல்லாப் படத்தையும் நான் ஓசியில் பார்க்கிறேன். இந்த வாரப் படத்தின் கதையைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். யாரையாவது பிடித்து உட்காரவைத்துச் சொல். எட்ட இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்.

உன்
அப்துல் நாசர்


தொண்டாமுத்தூர்
2 ஏப்ரல் 1937

அன்புள்ள நாசருக்கு,

உன் தொல்லைக்குப் பயந்து, விதைக்கடலை உடைக்க வந்த பெண்களிடம் கதையைச் சொன்னேன். முதலில் என் பேச்சு எனக்கே கேட்கவில்லை. செல்லாத்தாள் என்கிற வாயாடி, “ஏனுங்க, ராணி செத்துப்போச்சுங்களா பொழச்சுதுங்களா? சத்தமாச் சொல்லுங்க” என்றாள். கோபம் வந்தது. கோபத்தோடு குரலும் வந்துவிட்டது.

கையை மடியில் அமுக்கிக்கொண்டுதான் சொன்னேன். கிழட்டு ராஜா ஓலையை வாங்குகிற இடத்தில் அது தானாக வெளியே வந்து ஆடியது. அவர்கள் ராஜாவின் கையைத்தான் பார்த்தார்கள், என் கையை யாரும் பார்க்கவில்லை. இப்போது தினமும் சாயங்காலம் வாசலில் கூட்டம். கதையில் ஒரு யானையைச் சேர்த்துவிட்டேன். தென்னந்தோப்புக்குள் யானை வராத கதையை எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரே குறை, முகம் கட்டையாகிவிட்டது. உள்ளே சிரித்தாலும் வெளியே வருவதில்லை. கோபமாக இருக்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, தம்பிதுரை என் பக்கமே வருவதில்லை. கதை ஆரம்பித்தால் தோட்டத்துக்குப் போய்விடுகிறான். அப்பன் கூத்தாடியாகிவிட்டான் என்று வெட்கமாகவும் இருக்கலாம்.

உன்
ஆறுச்சாமி


கோட்டைமேடு
14 ஜூன் 1937

அன்புள்ள ஆறுச்சாமிக்கு,

போன வாரம் அந்த ராஜா படத்தை மறுபடியும் போட்டார்கள், உங்கள் ஊரார் ஒரு வண்டி நிறைய வந்து பார்த்தார்கள். இடைவேளையில் என் கடை முன்னால் ஒரே சண்டை. “ஆறுச்சாமி ஐயா சொன்ன யானையக் காணமுங்களே. காசு வாங்கிட்டு யானைய வெட்டிப்போட்டு ஓட்டறீங்களா?” என்கிறார்கள். சோடா கொடுத்துச் சமாதானம் செய்தேன். அந்தச் செலவு உன்னைச் சேர்ந்தது.

முகத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஊமைப்படக் காலத்தில், முகத்தைப் பார்த்துப் புரியாததை எழுத்துப் போட்டுக் காட்டினார்கள் அல்லவா? அதையே செய். சிரிப்பு வந்தால் ‘எனக்குச் சிரிப்பு வருது’ என்று வாய்விட்டுச் சொல். மானம் ஒன்றும் போகாது. நான் பாத்திமுத்துவிடம் சொல்லிப் பார்த்தேன். ‘இத்தனை வருசத்துல இப்பத்தான் தெரியுது’ என்கிறாள்.

உன்
நாசர்


தொண்டாமுத்தூர்
24 ஆகஸ்ட் 1937

அன்புள்ள நாசருக்கு,

தம்பிதுரைக்குக் காங்கேயம் பக்கம் பெண் பார்த்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள்.

நேற்று சென்னியம்மாள் சோறு போட்டுவிட்டுப் போகாமல் நின்றாள். “ஏனுங்க, அன்னிக்கு ஒரு பொழுது நீங்க தோட்டத்துச் சாளைல இருந்துக்குங்க. கை ஆடறதப் பாத்தா, குடும்பத்துலயே இருக்கற வியாதின்னு போயிருவாங்க” என்றாள். தம்பிதுரை கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாமென்று அவன் சொல்வான் என்று காத்திருந்தேன்.

சரி, அந்தத் தோட்டத்துக் குடிசையிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் மகன் கல்யாணம் என்னால் நின்றுபோக வேண்டாம். அழுகை வந்தது, ஆனால் முகம் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த வியாதியில் அப்படி ஒரு சௌகரியம்.

உன்
ஆறுச்சாமி


கோட்டைமேடு
26 ஆகஸ்ட் 1937

ஆறுச்சாமி,

தங்கச்சி மேல் எனக்குக் கோபமில்லை. பயந்த தாய் அப்படித்தான் சொல்வாள். சரி என்று தலையாட்டிய உன் மேல்தான் கோபம். வந்து நாலு வார்த்தை கேட்கலாமென்று வண்டிகூடப் பேசிவிட்டேன். பாத்திமுத்துதான், கல்யாணக் காரியத்தில் குறுக்கே நிற்காதீர்கள் என்று தடுத்துவிட்டாள்.

சாளைக்குப் போவதானால் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போ. எங்கே உட்கார்ந்தாலும் நீ மாப்பிள்ளையின் அப்பன்.

நாசர்


தொண்டாமுத்தூர்
1 செப்டம்பர் 1937

அன்புள்ள நாசருக்கு,

வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டுதான் போனேன். உச்சிப்பொழுதுக்கு வரப்பின் மேல் ஒரு கூட்டமே வருகிறது. முன்னால் பெண்ணின் தாய்மாமன், பின்னால் முகம் செத்துப்போய் சென்னியம்மாள்.

அந்த மனிதர் இந்தப் பக்கம் காளை விற்க வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி நம் வாசலில் கதை கேட்டவராம். எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்ததுமே, “கதை சொல்ற ஐயா எங்கீங்க? அவரு இல்லாம எப்படீங்க பேசறது?” என்று கேட்டாராம். என் கை ஆடுவது காங்கேயம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. நம் வீட்டில்தான் அதை ரகசியம் என்று நினைத்திருந்தோம்.

பெண்ணின் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சம்பந்திக்கு இஷ்டமில்லீங்களாட்ட இருக்குது” என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “மொகந்தானுங்க சிரிக்காது. உள்ளுக்குள்ள அத்தனை சந்தோசமுங்க” என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கையும் சேர்ந்து ஆடியது. கார்த்திகையில் கல்யாணம். நீயும் பாத்திமுத்துவும் முந்தின நாளே வந்துவிட வேண்டும்.

தம்பிதுரை என்ன சொன்னான் என்று கேட்பாய். நேற்று சாயங்காலம் கதை ஆரம்பித்த பிறகு வந்து, பெண்களுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தான். நான் பார்க்காதவன் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “அப்பறம் என்னாச்சுங்கப்பா?” என்றான்.

நீ கடைசியாக எழுதி அனுப்பிய படம் அதோடு முடிந்துவிட்டது, நாசர். எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். செல்லாத்தாளின் புருஷன் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவான். அப்புறம் என்ன நடந்தது என்று ஏதாவது எழுதிக் கொடுத்தனுப்பு.

உன்
ஆறுச்சாமி